அலெக்சாந்திரியா: யார் பெயர் நிலைத்தது?



பள்ளி விடுமுறை வந்தால் நாம் எங்கே போவோம்? போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவோம். கொஞ்சம் காசு சேர்ந்தால் பினாங்குக்குப் போவோம். எகிப்து நாட்டு மக்களுக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறது. கோடை வெயில் கொளுத்தும்போது கெய்ரோவில் உள்ள குடும்பங்கள் பாய், குடை, சோற்றுப் பாத்திரத்தோடு இரயில் ஏறிப் போய்ச் சேரும் ஊர் அது. மத்தியதரைக் கடலின் தென்கரையில் இருக்கிறது. உலகம் அதை அலெக்சாந்திரியா என்கிறது. அந்நாட்டு மக்கள் இஸ்கந்தரியா என்கிறார்கள். இஸ்கந்தர் என்ற பெயர் நம் நாட்டில் நாம் அடிக்கடி கேட்கும் பெயர்தானே! அலெக்சாந்தர்தான் அரபு மொழியில் இஸ்கந்தர் ஆனார்.

இன்று அந்த ஊரில் 50 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். நம் மலேசிய மாணவர்கள் பலர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துத் திரும்பியிருக்கிறார்கள். வாருங்கள், நாமும் இந்தப் பக்கங்களிலேயே அந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். சுற்றும்போது ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரை உண்டாக்கியவர்கள் யார்? ஊரில் நிலைத்த பெயர் யாருடையது?

மாவுக் கோடு போட்ட நகரம்

மாசிடோனியாவின் மன்னன் அலெக்சாந்தர் கி.மு. 331-இல் இந்த நகரத்துக்கு அடிக்கல் நாட்டினான். அப்போது அங்கே இருந்தது ராக்கோட்டிஸ் என்ற சிற்றூர். எதிரே கடலில் பாரோஸ் என்று ஒரு சின்னத் தீவு.

நகரத்தின் தெருக்களைத் தரையில் வரைந்து காட்டச் சுண்ணாம்பு கிடைக்கவில்லையாம். படைவீரர்களுக்கு வைத்திருந்த வாற்கோதுமை மாவை எடுத்துக் கோடு போட்டார்களாம். உடனே பறவைகள் கூட்டமாக இறங்கி அந்த மாவு முழுவதையும் தின்றுவிட்டன. “ஐயோ, அபசகுனம்!” என்று மன்னன் மனம் கலங்கினான். குறி சொல்பவர்களோ, இந்நகரம் பல நாட்டு மக்களுக்குச் சோறு போடும் என்று பொருள் சொல்லித் தேற்றினார்கள். புளூட்டார்க் என்ற பழைய ஆசிரியர் எழுதி வைத்த கதை இது.

கதை எப்படியோ, நடந்தது இதுதான்: அலெக்சாந்தர் அங்கிருந்து கிழக்கே போர் செய்யப் போனான். கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்தான். தன் பெயர் தாங்கிய நகரத்தில் ஒரு வீடு எழும்பியதைக்கூட அவன் பார்க்கவில்லை. அவனுடைய உடல்தான் பின்பு அங்கே கொண்டு வரப்பட்டது. அந்தக் கல்லறை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் நிற்கிறது, பெயருக்கு உரியவனைக் காணோம்!

கடலுக்கு ஏற்றிய விளக்கு

காலையில் நாம் முதலில் போக வேண்டிய இடம் கிழக்குத் துறைமுகத்தின் முனை. அங்கே காயித்பே கோட்டை நிற்கிறது. சுல்தான் காயித்பே 1477-க்கும் 1479-க்கும் இடையில் கட்டியது. கோட்டை மதிலில் நின்றால் மூன்று பக்கமும் கடல். மீன்பிடிப் படகுகள் அலையில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் இந்த இடத்தின் பெருமை கோட்டையைவிடப் பழமையானது. பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான பாரோஸ் கலங்கரை விளக்கம் இங்கேதான் இருந்தது. அந்தத் தீவையும் கரையையும் இணைக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கல்பாலம் போட்டார்கள். அதன் இருபுறமும் மண் சேர்ந்து சேர்ந்து, இன்று அந்த இடமே வீடும் கடைத்தெருவுமாக மாறிவிட்டது.

கலங்கரை விளக்கம் ஏறத்தாழ கி.மு. 280-ஆம் ஆண்டையொட்டி, தாலமி மன்னர்கள் காலத்தில் எழுந்தது. உயரம் 100 மீட்டருக்கு மேல். அடேயப்பா! இன்றைய கணக்கில் முப்பது மாடிக் கட்டடம். கீழ்ப்பகுதி சதுரம், நடுப்பகுதி எட்டுப் பட்டை, மேற்பகுதி வட்டம். உச்சியில் இரவெல்லாம் தீ எரியும். கரை தெரியாமல் தவிக்கும் மாலுமிகளுக்கு அதுதான் உயிர்.

இதைக் கட்டிய சாஸ்திராத்தஸ் என்பவரைப் பற்றி லூசியன் என்ற எழுத்தாளர் ஒரு கதை சொல்கிறார். சாஸ்திராத்தஸ் தன் பெயரைக் கல்லில் ஆழமாகச் செதுக்கினாராம். அதன்மேல் சுண்ணச் சாந்தைப் பூசி, சாந்தின்மேல் மன்னன் பெயரை எழுதினாராம். மன்னனுக்கும் மகிழ்ச்சி. காலம் போகப் போகச் சாந்து உதிர்ந்தது. மன்னன் பெயர் மண்ணோடு போயிற்று. அடியிலிருந்த கல்லில் கட்டியவர் பெயர் வெளியே தெரிந்தது!

கெட்டிக்காரர்தான். ஆனாலும் பாருங்க, அந்தக் கல்லை வெட்டியவன், தோளில் கயிறு போட்டு இழுத்தவன், உச்சிக்கு விறகு சுமந்தவன் பெயரைச் செதுக்க அங்கே இடமில்லை.

பல நூற்றாண்டுகள் நின்ற அந்தக் கோபுரத்தை நிலநடுக்கங்கள் தளர்த்தின. 1303-இல் வந்த பெரிய நடுக்கம் அதன் முதுகை முறித்தது. இபின் பதூத்தா என்ற புகழ்பெற்ற பயணி 1326-இல் வந்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349-இல் மறுபடி வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை என்று எழுதினார். 1994 முதல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கோட்டையின் அடியில் கடலில் மூழ்கிப் பார்த்து, ஆயிரக்கணக்கான பழங்கற்களைக் கண்டார்கள். 2025-இல் அவற்றுள் 22 பெரிய கற்களை வெளியே தூக்கினார்கள்.

உலகை அளந்த பள்ளிக்கூடம்

அடுத்து, கடற்கரைச் சாலை வழியாகவே நூலகத்துக்கு நடப்போம். பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இது.

தாலமி மன்னர்கள் இங்கே ஒரு பெரிய கல்விச்சாலையும் நூலகமும் அமைத்தார்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதனை போடுவார்கள். எதற்கு? கள்ளச் சரக்குக்கு அல்ல, புத்தகத்துக்கு! கிடைத்த சுவடியை எடுத்துப் படியெடுத்து, நகலை உரியவரிடம் கொடுத்துவிட்டு, அசலை நூலகத்தில் வைத்துக்கொள்வார்களாம்.

அந்த நூலகத்தின் தலைவராக இருந்தவர் எரத்தாஸ்தனிஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர். தெற்கே சையின் என்ற ஊரில், ஆண்டின் நீண்ட பகல் நாளன்று உச்சி வேளையில், கிணற்றின் அடிவரை வெயில் விழும் என்று அவர் அறிந்திருந்தார். அதே நேரம் அலெக்சாந்திரியாவிலோ குச்சியின் நிழல் சற்றுச் சாய்ந்து விழுந்தது. சாய்வை அளந்தார். ஒரு முழு வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே இன்றைய கணக்கில் சுமார் 800 கிலோமீட்டர். அதை 50-ஆல் பெருக்குங்கள். 40,000 கிலோமீட்டர்! பூமியின் சுற்றளவு கிடைத்துவிட்டது. ஒரு குச்சி, ஒரு நிழல், ஒரு பெருக்கல் கணக்கு. வாய்ப்பாடு எதுக்குன்னு கேட்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

பழைய நூலகம் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. கி.மு. 48-இல் ஜூலியஸ் சீசர் நடத்திய போரில் மூண்ட தீ, பின்னால் வந்த கலகங்கள், கவனிப்பாரற்ற காலம் எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல அதை விழுங்கின.

அந்த நினைவில் 2002-இல் புதிய நூலகம் திறக்கப்பட்டது. கடலிலிருந்து எழும் சூரியனைப் போலச் சாய்ந்த வட்டக் கூரை; குறுக்களவு 160 மீட்டர். வெளிச்சுவரின் கருங்கல்லில் உலகத்தின் 120 எழுத்து முறைகளிலிருந்து எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 2011-இல் எகிப்தில் மக்கள் கிளர்ச்சி வெடித்தபோது ஊரில் கொள்ளையும் தீவைப்பும் நடந்தன. அப்போது இளைஞர்கள் ஓடி வந்து, கையோடு கை கோத்து, நூலகத்தைச் சுற்றி நின்று காத்தார்கள். ஒரு புத்தகம்கூடச் சேதமாகவில்லை. கோட்டைக்கு மதில் வேண்டும். நூலகத்துக்குப் படித்த பிள்ளைகளின் கைகளே மதில்!

தவறாகச் சூட்டிய பெயர்கள்

ஊரின் தென்மேற்குப் பக்கம் ஒரு மேட்டில் ஒற்றைத் தூண் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 27 மீட்டர். அதன் நடுத்தண்டு அஸ்வானில் வெட்டிய ஒரே சிவப்புக் கல். ‘பாம்பியின் தூண்’ என்று வெளிநாட்டார் சொல்வார்கள். ஆனால் பாம்பி என்ற ரோமானியத் தளபதிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் இறந்து ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்குப் பின்பு, டயக்ளீசியன் என்ற பேரரசரைச் சிறப்பிக்க நாட்டிய தூண் அது. சிலுவைப் போர்க்காலத்தில் வந்த ஐரோப்பியர் தவறாகச் சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று, ‘கிளியோபாத்ராவின் ஊசிகள்’. அரசி கிளியோபாத்ரா பிறப்பதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே மூன்றாம் துத்மோஸ் மன்னன் வெட்டுவித்த இரண்டு கல்தூண்கள் அவை. அவள் இறந்த பிறகுதான் அலெக்சாந்திரியாவுக்கே கொண்டு வரப்பட்டன. இன்று அங்கே அவை இல்லை. ஒன்று லண்டனில் இருக்கிறது, மற்றொன்று நியூயார்க்கில் இருக்கிறது.

லண்டன் தூணை 1877-இல் கடல்வழி இழுத்துச் சென்றபோது புயல் வந்தது. தூணை ஏற்றிய மிதவையில் இருந்தவர்களைக் காப்பாற்றப் படகில் இறங்கிய ஆறு மாலுமிகள் மூழ்கி இறந்தார்கள். லண்டனில் அந்தத் தூணின் அடியில் பதித்திருக்கும் தகட்டில் அந்த ஆறு பேரின் பெயரும் இருக்கிறது. மன்னர், அரசி பெயரெல்லாம் தவறாகிப் போன ஒரு கல்லில், உழைத்து உயிர் விட்டவர்களின் பெயர் மட்டும் சரியாக இருக்கிறது. இதைச் சும்மா விட்டுவிட்டுப் போக மனம் வருமா?

தூணுக்குக் கொஞ்ச தூரத்தில் கோம் எல்-ஷொகாஃபா என்ற நிலத்தடிக் கல்லறைகள் உள்ளன. 1900-இல் ஒரு கழுதை குழியில் விழுந்ததால்தான் இது வெளியே தெரிந்தது என்பார்கள். சுற்றுப்படியில் இறங்கினால் பாறையைக் குடைந்த அறைகள். எகிப்தியக் கடவுள் அனுபிஸ் ரோமானியப் படைவீரன் உடையில் நிற்கிறார்! பல இனத்தார் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கையால் தோண்டிய கால்வாய்

இப்போது ஊர்க்காரர்களே மறந்துவருகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

1798-இல் நெப்போலியன் இங்கே வந்து இறங்கியபோது இந்தப் பெரிய நகரம் தேய்ந்துபோய்ச் சில ஆயிரம் பேர் வாழும் ஊராகச் சுருங்கிக் கிடந்தது. நைல் நதி நீரைக் கொண்டுவந்த பழைய கால்வாய் தூர்ந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். தண்ணீர் இல்லாத ஊரில் யார் இருப்பார்?

எகிப்தை ஆண்ட முகம்மது அலி, 1817 முதல் 1820 வரை ஒரு புதிய கால்வாயை வெட்டச் செய்தார். நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல். வெட்டியவர்கள் யார்? கிராமம் கிராமமாகப் பிடித்து வரப்பட்ட ஏழை உழவர்கள், லட்சக்கணக்கில். போதிய மண்வெட்டி இல்லை; கையாலேயே சேற்றை அள்ளினார்கள். குடிக்க நல்ல நீரில்லாமலும் களைத்தும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். விழுந்தவர்களைத் தோண்டிய மண்ணிலேயே மூடினார்கள் என்று அக்காலத்து எகிப்திய வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தி எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கால்வாயில்தான் குடிநீர் வந்தது. பருத்தி மூட்டைகள் படகில் வந்தன. ஊர் மறுபடி பிழைத்தது; வங்கிகளும் மாளிகைகளும் எழுந்தன. கால்வாய்க்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? மஹ்மூதியா. அப்போது துருக்கியில் இருந்த சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் பெயர். அவர் ஒரு கூடை மண்கூட அள்ளியதில்லை. நகருக்குள் இருந்த கால்வாயின் பெரும்பகுதியை அண்மைக் காலத்தில் மூடி, 2020-இல் அகலமான சாலையாக்கிவிட்டார்கள். இப்போது அந்த வழியே கார்கள் ஓடுகின்றன.

உழைப்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இதைப் படித்துவிட்டு உடனே பக்கத்தைத் திருப்ப மனம் வராது.

மாலை நேரக் கடற்கரை

சரி, வெயில் தாழ்ந்துவிட்டது. கடற்கரைக்கு வாருங்கள்.

கார்னிஷ் எனப்படும் கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து பல கிலோமீட்டர் போகிறது. ஸ்டான்லி, கிளீம், சீதி பிஷ்ர், மியாமி, மந்தரா என்று வழிநெடுகக் கடற்கரைகள். ஸ்டான்லி விரிகுடாவின் குறுக்கே 2001-இல் ஒரு பாலம் கட்டினார்கள். சாயங்காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். சுவரில் உட்கார்ந்து தூண்டில் போடுபவர்கள், சுட்ட சோளம் விற்பவர்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள். மேற்கே அகமி பக்கம் போனால் வெள்ளை மணல்.

கிழக்குக் கோடியில் முந்தஸா தோட்டம் இருக்கிறது. 1892-இல் அரசாண்ட குடும்பம் தனக்காக அமைத்த மாளிகையும் தோட்டமும் அது. 1952-இல் எகிப்தின் மன்னர் பரூக் அரியணையை இழந்தார். இதே நகரத்தின் ராஸ் எல்-தீன் அரண்மனையிலிருந்துதான் கப்பல் ஏறி நாட்டை விட்டுப் போனார். அரச குடும்பம் உலவிய முந்தஸா தோட்டத்தில் பின்பு சீட்டு வாங்கிய யாரும் நுழைந்து, மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிடலாம் என்று ஆயிற்று. காலம் திரும்புவதைப் பாருங்கள்!

இந்தக் கடற்கரைக்கும் கவலை இருக்கிறது. கடைகளும் கட்டடங்களும் கடலை மறைக்கின்றன என்று ஊரார் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். கடல் மட்டம் உயர்கிறது, நிலமும் மெல்லத் தாழ்கிறது. அலையைத் தடுக்கக் கரையோரம் பெரிய சிமெண்டுக் கற்களைப் போட்டிருக்கிறார்கள். இது வீண் பயம் அல்ல. சற்றுக் கிழக்கே அபூகீர் விரிகுடாவில் ஹெராக்ளியோன் என்ற பழைய துறைமுக நகரமே கடலுக்குள் போய்விட்டது. 2000-ஆம் ஆண்டில்தான் அதைக் கடலடியில் கண்டார்கள்.

மிளகும் பானை ஓடும்

கடலைப் பார்த்தபடி இன்னொன்றையும் நினைப்போம். இந்தத் துறைமுகத்திலிருந்து ரோம் நகரத்துக்குப் போன மிளகு எங்கே விளைந்தது? பழைய சேர நாட்டின் மலைச்சரிவில்தான். முசிறித் துறையில் யவனர் மரக்கலங்கள் வந்து மிளகு ஏற்றியதை அகநானூறும் சொல்கிறது.

வியன்னா நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறிப் பயணத்துக்காக வாங்கிய கடனின் ஒப்பந்தம் அது. சரக்கைச் செங்கடல் கரையில் இறக்கி, நம்பிக்கையான ஓர் ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்துப் பாலைவனம் தாண்டி, நைல் நதியில் படகேற்றி, அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்கில் சேர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாலில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு வரி! மறுபக்கத்தில் கப்பலின் பெயரும் இருக்கிறது: ஹெர்மபொல்லோன். ஒட்டகக்காரர் பெயர் இல்லை.

செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழந்துறையில் தோண்டியபோது ஒரு பெரிய சாடியில் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அங்கேயும் குசைர் அல்-காதிம் என்ற இன்னொரு துறையிலும் உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. சில ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்து! கணன், சாதன், கொற்றன் என்ற வகைப் பெயர்கள் என்று அறிஞர்கள் படித்தார்கள். மன்னர்கள் அல்லர், கப்பலில் வந்த சாதாரண மனிதர்கள். “இது என் பானை” என்று அடையாளத்துக்குக் கீறி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கோபுரம் விழுந்தது, கல்லறை தொலைந்தது, கால்வாய் மூடிக்கொண்டது. எழுதத் தெரிந்தவன் பானையில் கீறிய பெயர் இரண்டாயிரம் ஆண்டு நின்றுவிட்டது.

பெற்றோர்களே, பிள்ளைகளே!

இந்தப் பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கியில் உங்கள் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது உங்கள் கண் கலங்கும். கலங்கட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போன தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களை எந்த மன்னனும் கல்லில் வெட்டி வைக்கப் போவதில்லை.

மாணவச் செல்வங்களே, பரிசாகக் கிடைக்கும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கணக்குக்கு எடுக்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்களுடைய அப்பா அம்மா பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எங்கெங்கே வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அந்தப் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.